போன பாதையிலேயே திரும்பும் ரயில்

ஆபரேட்டர் பதில்கள்

கேள்வி: விஸ்காம் படிக்கிறேன். ஆக்‌ஷன் காமெடி படம் ஒன்றின் கதை அமைப்பைப் பிரித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பாகம், திருப்புமுனை என்று கோடு போட்டுப் பார்த்தால் எல்லாப் படமும் ஒரே மாதிரி தெரிகிறது. எந்தப் படத்தை எடுக்கலாம்? எங்கிருந்து தொடங்குவது?
(மாணவி, திருநெல்வேலி)

பதில்: கோடு போடுகிற வேலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் அம்மா. முதலில் நான் செய்த ஒரு தப்பைக் கேளுங்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் தியேட்டருக்கும் 3 கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு தியேட்டருக்கும் சில படங்கள் ஒரே பிரிண்டில் ஓடும். அங்கே ஓட்டி முடித்த ரீலை ஒரு பையன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவான். நான் வாங்கி மெஷினில் ஏற்றுவேன். ஒருநாள் ராத்திரி நல்ல மழை. பெட்டி மாறி எட்டாவது ரீல் வந்துவிட்டது, ஏழாவது வரவில்லை. கீழே விசில் பறக்கிறது. வேறு வழியில்லாமல் எட்டை ஓட்டினேன். அது முடிவதற்குள் ஏழு வந்தது. அதையும் ஓட்டினேன். அப்புறம் ஒன்பது.

அடிதடிப் படம் அது, பெயர் வேண்டாம். கதாநாயகன் தலையில் கட்டோடு வந்து, அதன்பிறகு கட்டு இல்லாமல் அடி வாங்கி, மறுபடியும் கட்டோடு வந்தார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. படம் விட்டதும் வெற்றிலைக் கடையில் நின்ற பெரியவர், ‘டைரக்டர் புதுசா என்னமோ பண்ணியிருக்காரு’ என்று பாராட்டிவிட்டுப் போனார். இதே தப்பை இன்னொரு சமயம் ஒரு சிரிப்புப் படத்தில் செய்தேன். மூன்றே நிமிஷம், கேபின் கதவைத் தட்டிவிட்டார்கள்.

கதை அமைப்புக்கு அன்றிலிருந்து என் கையில் இருக்கும் அளவுகோல் இதுதான். ரீலை மாற்றிப் போட்டால் ஜனம் கண்டுபிடிக்குமா? கண்டுபிடித்தால் அந்தப் படத்துக்கு எலும்பு இருக்கிறது.

நீங்கள் 1926இல் வந்த ‘தி ஜெனரல்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்டர் கீட்டன் நடித்து, கிளைட் பிரக்மனோடு சேர்ந்து இயக்கிய மௌனப் படம். ஒண்ணேகால் மணி நேரம்தான். பேச்சு இல்லாததால் வசனத்தை நம்பி ஏமாற வழியில்லை, எலும்பு அப்படியே தெரியும்.

கதை இவ்வளவுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் மரியெட்டா என்ற ஊர். ஜானி கிரே என்ற ரயில் டிரைவர். அவனுக்கு இரண்டு காதல்: ஒன்று ‘ஜெனரல்’ என்ற அவனுடைய இன்ஜின், இன்னொன்று அனபெல் லீ என்ற பெண். போர் தொடங்கியதும் பட்டாளத்தில் சேரப் போகிறான். டிரைவராக இருப்பதுதான் நாட்டுக்கு உபயோகம் என்று அதிகாரிகள் முடிவு செய்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. சீருடை போட்டுக்கொண்டு வந்தால்தான் பேசுவேன் என்று அனபெல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு வருஷம் கழித்து, பயணிகள் சாப்பிட இறங்கிய நேரத்தில் வடக்கத்திய ஒற்றர்கள் ரயிலைக் கடத்துகிறார்கள். உள்ளே அனபெல் மாட்டிக்கொள்கிறாள். ஜானி முதலில் ஓடித் துரத்துகிறான், பிறகு தள்ளுவண்டியில், பிறகு ஒரு பழங்கால சைக்கிளில், கடைசியில் ‘டெக்சாஸ்’ என்ற இன்னொரு இன்ஜினில். எதிரியின் எல்லைக்குள்ளேயே போய்விடுகிறான். மழை கொட்டும் ராத்திரியில் அனபெல்லை மீட்கிறான். மறுநாள் காலை தன் இன்ஜினைத் திருடிக்கொண்டு வந்த வழியே திரும்புகிறான். இப்போது எதிரிகள் டெக்சாஸில் ஏறி அவனைத் துரத்துகிறார்கள்.

அதாவது போவது ஒரு துரத்தல், வருவது ஒரு துரத்தல், நடுவில் ஒரு ராத்திரி. நம் ஊர்க் கணக்கில் அந்த ராத்திரிதான் இடைவேளை.

இப்போது உங்கள் நோட்டில் ஒரே ஒரு கோடு போடுங்கள், பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக. இடது பக்கம் போகும்போது நடந்தவை, வலது பக்கம் வரும்போது நடந்தவை. எழுத எழுத உங்களுக்கே சிரிப்பு வரும். போகும்போது ஒற்றர்கள் தந்திக் கம்பியை அறுக்கிறார்கள், வரும்போது ஜானி அறுக்கிறான். போகும்போது அவர்கள் தண்டவாளத்தில் கட்டைகளைப் போடுகிறார்கள், வரும்போது இவன் போடுகிறான். தண்டவாளம் பிரியும் இடத்தில் போகும்போது இவன் திண்டாடுகிறான், வரும்போது அதே மாதிரி ஓர் இடத்தில் அவர்களை இவன் திண்டாட விடுகிறான். போகும்போது பாலத்துக்குள் எரியும் பெட்டியை அவர்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள், வரும்போது இவன் ஒரு பாலத்துக்கே தீ வைக்கிறான். ஆரம்பத்தில் பட்டாளத்தில் ‘என்ன தொழில்?’ என்று கேட்டதற்கு டிரைவர் என்று சொல்லி மாட்டிக்கொண்டவன், முடிவில் அதே கேள்விக்குப் படைவீரன் என்கிறான். இன்ஜின் சக்கரங்களை இணைக்கிற நீளமான இரும்புத் தண்டில் ஆரம்பத்தில் ஒருமுறை உட்காருகிறான், கடைசிக் காட்சியிலும் ஒருமுறை. அந்தத் தண்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதில் எந்த ரீலை மாற்றிப் போட்டாலும் தியேட்டரை உடைத்துவிடுவார்கள்.

ஒரு சந்தேகம் வரும். ஒரே விஷயம் இரண்டு தரம் வந்தால் அலுக்காதா? அலுக்காததற்குக் காரணம் ஆள் மாறிவிடுகிறான் என்பதுதான். போகும்போது ஜானிக்கு ஒன்றும் தெரியாது. எதிரி செய்வதை எல்லாம் தலையில் வாங்கிக்கொள்கிறான். வரும்போது அவ்வளவையும் பாடமாகத் திருப்பிச் சொல்கிறான். ‘நான் வளர்ந்துவிட்டேன்’ என்று நம் கதாநாயகன் பாட்டுப் பாடிச் சொல்வதை இவன் ஒரு மரக்கட்டையைத் தூக்கிப் போட்டுச் சொல்லிவிடுகிறான்.

கட்டை என்றதும் ஒன்று. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு வயிறு கலங்கும் காட்சி அது. இன்ஜினின் முன்பக்கம், மாடு தள்ளும் கிராதி மேல் ஜானி உட்கார்ந்திருக்கிறான், மடியில் ஒரு பெரிய மரக்கட்டை. எதிரே தண்டவாளத்தில் இன்னொரு கட்டை குறுக்கே கிடக்கிறது. வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. இறங்கி எடுக்க நேரமில்லை. மடியில் இருப்பதைத் தூக்கி, கிடப்பதன் ஒரு முனை மேல் போடுகிறான். ஏற்றப்பலகை மாதிரி அது துள்ளி இரண்டு கட்டையும் வெளியே போய் விழுகின்றன. ட்ரிக் ஷாட் எதுவும் இல்லை. அரை நொடி பிசகினால் வண்டி தடம் புரளும், ஆளும் இருக்கமாட்டார். இது சண்டையா, சிரிப்பா, கதையா? ஒரே வீச்சில் மூன்றும். வீட்டுப்பாடத்தில் வேறு எதை எழுதாவிட்டாலும் இந்தக் காட்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிடுங்கள்.


கேள்வி: நீங்கள் ஒருமுறை எழுதியதைப் படித்து ‘தி ஜெனரல்’ பார்த்தேன். பீரங்கிக் காட்சி பிரமாதம். ஆனால் அது வெறும் சிரிப்புக்காகச் சேர்த்ததுதானே? கதைக்கு என்ன சம்பந்தம்?
(வாசகர், ஈரோடு)

பதில்: பார்க்காதவர்களுக்காகக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். துரத்துகிற ஜானிக்கு சக்கரம் வைத்த ஒரு குட்டிப் பீரங்கி கிடைக்கிறது. வண்டிக்குப் பின்னால் கோத்துக்கொள்கிறான். முதல் தடவை உப்புப் போடுவது மாதிரி ஒரு சிட்டிகை மருந்து வைத்துச் சுடுகிறான். குண்டு எதிரியிடம் போகாமல் இவன் காலடியிலேயே வந்து விழுகிறது. அதனால் அடுத்த தடவை மருந்தை டப்பாவோடு கொட்டுகிறான். திரி பற்றிய பிறகு, வண்டி குலுங்குகிற குலுங்கலில் பீரங்கி வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி இவனைப் பார்த்து நிற்கிறது. பதறி இன்ஜினின் முன்பக்கத்துக்கு ஓடுகிறான். பீரங்கி வெடிக்கிற அந்த நேரம் பார்த்துத் தண்டவாளம் வளைகிறது. குண்டு இவனைத் தாண்டிப் போய் எதிரிகளின் வண்டிக்குப் பக்கத்தில் விழுகிறது.

இப்போது இந்தக் காட்சியை வெட்டி எறியுங்கள். உடனே ஒரு பெரிய ஓட்டை தெரியும். அந்த வண்டியில் ஆயுதத்தோடு இருப்பவர்கள் ஒரு கும்பல். துரத்துகிறவன் ஒற்றை ஆள். வண்டியை நிறுத்தி இறங்கி அவனைப் பிடித்துக் கட்டிப் போட்டால் படம் அங்கேயே முடிந்துவிடும். ஏன் நிறுத்தவில்லை? பின்னால் பீரங்கி சகிதம் ஒரு படையே வருகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டதால்தான். நினைக்க வைத்தது அந்த அசட்டுக் குண்டு. நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கதையின் அச்சாணியைச் செருகிவிட்டார்கள், நமக்குத் தெரியவே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜானி குனிந்து விறகு வெட்டிக்கொண்டே போகிறான். அவனுக்குப் பின்னால் சொந்தப் படை பின்வாங்கி ஓடுகிறது, அப்புறம் எதிரிப் படை முன்னேறுகிறது. நிமிர்ந்து பார்க்கும்போது எதிரி நாட்டுக்குள் இருக்கிறான். தொழிலில் மூழ்கிவிட்டான் என்பதுதான் சிரிப்பு. அவன் எல்லை தாண்டிய விதமும் அதுதான்.


கேள்வி: நம் படங்களில் காமெடி ட்ராக் தனியாக வருவதைக் குறையாகச் சொல்கிறீர்களா? கவுண்டமணி, செந்தில் இல்லாமல் அந்தக் காலப் படங்களை நினைத்துப் பார்க்க முடியுமா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: ஐயோ, குறை சொன்னால் என்னை எங்கள் ஊரிலேயே சேர்க்கமாட்டார்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலிருந்து நமக்கு அது ஒரு தனி விருந்து. ரிப்பீட்டாக வருகிற கூட்டத்தில் பாதி அதற்குத்தான் வரும்.

ஆனால் உங்களிடம் ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். ரீல் காலத்தில் இரண்டாம் ஆட்டம் நேரமாகிவிட்டால் எங்களில் சிலர் ஒரு பாட்டைத் தாண்டிவிடுவோம். பாட்டையும் எடுக்க முடியாத படமென்றால் காமெடி ட்ராக்கில் கை வைப்போம். அடுத்த காட்சி ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடும். கதாநாயகனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஜனம் கத்தும், ஆனால் கத்துவது சிரிப்பு போய்விட்டதே என்றுதான். கதை புரியவில்லை என்று ஒருத்தரும் கத்தமாட்டார்.

அப்படிப்பட்ட படத்தை நான் ஆக்‌ஷன் காமெடி என்று சொல்லமாட்டேன். அது ஒரு டிக்கெட்டில் இரண்டு படம். இரண்டும் நன்றாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.


கேள்வி: ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் நான்கு கமல். எப்படிக் குழப்பம் வராமல் பார்த்துக்கொண்டார்கள்?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: அம்மா, முதல் பதிலில் கேபின் கதவைத் தட்டினார்கள் என்றேனே, அது இந்தப் படம்தான்.

1990இல் வந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். பிறந்ததும் பிரிந்துபோன நான்கு சகோதரர்கள் என்று ஆரம்பத்திலேயே பாட்டாகச் சொல்லிவிடுகிறார்கள். ரகசியம் எதையும் நம்மிடம் மறைப்பதில்லை. படத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது, நமக்கு எல்லாம் தெரியும். குழப்பம் அவர்களுக்கு, சிரிப்பு நமக்கு. பாதி வேலை அங்கேயே முடிந்தது.

மீதிப் பாதி, நான்கு பேருக்கும் நான்கு தொழில். ஒருவர் கள்ளத்தனம் செய்பவர், ஒருவர் பணக்கார முதலாளி, ஒருவர் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையல்காரர், ஒருவர் தீயணைப்பு வீரர். முகம் ஒன்றாக இருந்தாலும் கையும் பேச்சும் வேறு. முதலாளி மதன் தனக்குப் பதிலாக நடிக்கத் தீயணைப்பு வீரர் ராஜுவை ஏற்பாடு செய்கிறார். அது தெரியாமல் மதனின் உதவியாளர் அவினாசி, அதாவது நாகேஷ், அதே மதனாக நடிக்கச் சமையல்காரர் காமேஸ்வரனை ஏற்பாடு செய்கிறார். ஒரு வீட்டுக்கு இரண்டு போலி. இந்த இடத்தில் ரீல் மாறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். யார் யாருக்காக நடிக்கிறார் என்ற கணக்கே போய்விடும். எனக்குப் போனது. ஒரு டீச்சர் அம்மாதான் கேபினுக்கு வந்து, ‘அவினாசி இன்னும் காமேஸ்வரனைக் கூப்பிடவே இல்லையே, அதற்குள் எப்படி வந்தார்?’ என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் மெஷினை நிறுத்தினேன்.

சாம்பாரில் மீன் விழுகிற கல்யாணக் காட்சியை எல்லோரும் தனியாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். அதுவும் தனி ட்ராக் இல்லை. சமையல்காரருக்குத் தொழிலில் அதைவிடப் பெரிய அவமானம் வேறு உண்டா? அந்த மானக்கேட்டையும் கையில் காசில்லாத நிலைமையையும் பார்த்த பிறகுதான், காமேஸ்வரன் மாதிரி ஒரு பயந்த சுபாவம் ஆள்மாறாட்டத்துக்கு ஒத்துக்கொள்வதை நாம் நம்புகிறோம்.

கடைசியில் மலை விளிம்பில் ஆடும் வீட்டுக்குள் எல்லோரையும் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். விளிம்பில் ஆடும் வீடு சாப்ளினின் ‘தி கோல்டு ரஷ்’ படத்திலேயே உண்டு, 1925. அங்கே இரண்டு பேர், இங்கே ஒரு கும்பல். ஒருத்தர் நகர்ந்தாலும் வீடு சாயும். இரண்டரை மணி நேரமாக ஒருவரை ஒருவர் தவறவிட்டுக்கொண்டே இருந்தவர்களை ஒரே தராசில் ஏற்றியாகிவிட்டது.


கேள்வி: ஜாக்கி சான் படங்களில் கதையே கிடையாது, சண்டை மட்டும்தான் என்கிறான் என் நண்பன். சரியா?
(பள்ளி மாணவர், ஓசூர்)

பதில்: பாதி சரி. ‘ப்ராஜக்ட் ஏ’, ‘போலீஸ் ஸ்டோரி’ என்று 1983லும் 1985லும் வந்த படங்களின் கதையை ஒரு தபால் கார்டில் எழுதலாம். ஆனால் ஒவ்வொரு சண்டையையும் தனியாக எடுத்துப் பார், தம்பி. அதற்குள் ஒரு கதை இருக்கும்: மாட்டிக்கொண்டான், கையில் கிடைத்ததை எடுத்தான், அது அவனையே அடித்தது, கடைசியில் அதை வைத்தே தப்பித்தான். கீட்டனின் பீரங்கிக்கும் இதே கணக்குத்தான். கீட்டனிடமும், அவர் காலத்துச் சிரிப்பு நடிகர் ஹெரால்டு லாய்டிடமும் கற்றுக்கொண்டதை ஜாக்கி சான் மறைத்ததே இல்லை. ‘ப்ராஜக்ட் ஏ’ படத்தில் மணிக்கூண்டு முள்ளில் தொங்குவது, அதே மாதிரி கடிகார முள்ளில் தொங்கிய லாய்டுக்கு வைத்த கும்பிடு. அங்கிருந்து விழுந்ததை இரண்டு தடவை காட்டுவார்கள், இரண்டும் வேறு வேறு டேக். கதைக்கு ஒரு தடவை போதும். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து நிஜமாக விழுந்தவருக்கு அந்த உரிமை உண்டு என்பது என் கட்சி.


கேள்வி: இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டே பயணம் போகும் படங்களில் எது உங்களுக்குப் பிடிக்கும்?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: ‘மிட்நைட் ரன்’, 1988. ஜாமீனில் ஓடிப்போன கணக்குப்பிள்ளையை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கெடு முடிவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கொண்டுவருபவர் ராபர்ட் டி நீரோ, வருபவர் சார்லஸ் க்ரோடின். டி நீரோ கையில் ஓடாத ஒரு கைக்கடிகாரம், பிரிந்துபோன மனைவி கொடுத்தது. அடிக்கடி அதைக் காதில் வைத்துப் பார்ப்பார். முடிவில் அதைக் கழற்றி யாரிடம் கொடுக்கிறார் என்று பாருங்கள். துப்பாக்கிச் சூடும் ஹெலிகாப்டரும் மறந்துபோகும், அந்தக் கடிகாரம் மறக்காது.


கேள்வி: ‘தி ஜெனரல்’ படத்தின் நாயகன் அடிமை முறையை ஆதரித்த தெற்குப் பக்கம் நின்று போரிடுகிறான். அதைப் பார்த்து எப்படிச் சிரிப்பது?
(பேராசிரியர், மதுரை)

பதில்: நியாயமான கேள்வி. நானும் இதில் தடுக்கி விழுந்தவன்தான்.

நடந்த கதை வேறு. 1862 ஏப்ரல் 12ஆம் தேதி ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்பவர் தலைமையில் வடக்குப் பக்கத்தவர்கள் ஜார்ஜியாவில் ஜெனரல் என்ற இன்ஜினை நிஜமாகவே கடத்தினார்கள். பாலங்களை எரித்துத் தெற்குப் படைக்கு ரயில் வழியை அறுப்பது திட்டம். வில்லியம் ஃபுல்லர் என்ற கண்டக்டர் ஓடியும், தள்ளுவண்டியிலும், பிறகு இன்ஜினிலும் துரத்தினார். டெக்சாஸ் கிடைத்தபோது அதைத் திருப்ப நேரமில்லாமல் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார்கள். 87 மைல் போனதும் ரிங்கோல்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜெனரலில் நீராவி தீர்ந்தது. கடத்தியவர்கள் காட்டுக்குள் ஓடிப் பிடிபட்டார்கள். ஆண்ட்ரூஸ் உட்பட 8 பேரைத் தூக்கில் போட்டார்கள். கடத்தியவர்களில் ஒருவரான வில்லியம் பிட்டெங்கர் எழுதிய நினைவுக் குறிப்புதான் படத்துக்கு ஆதாரம். கீட்டன் அதை அப்படியே கவிழ்த்துத் துரத்தியவன் பக்கம் கேமராவை வைத்தார். தெற்கைக் கெட்டவர்களாகக் காட்டினால் ஜனம் ஏற்காது என்று பிற்காலத்தில் அவரே காரணம் சொல்லியிருக்கிறார்.

அமைப்பை மட்டும் பார்த்தால் அவர் செய்தது சரி. பொருளைப் பறிகொடுத்துத் தனியாகத் துரத்துகிறவன் பக்கம்தான் மனசு போகும். ஆனால் படத்தில் அடிமை என்ற பேச்சே வருவதில்லை. எதற்காக அந்தப் போர் என்று தெரியாமலேயே படம் முடிந்துவிடும். அது ஒரு ஓட்டைதான். எலும்பு நன்றாக இருப்பதால் மனசாட்சியும் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினால் ஆண்ட்ரூஸ் கதையை முதலில் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கவனித்தீர்களா, நடந்த சம்பவத்தில் திரும்பி வரும் பயணமே கிடையாது. இன்ஜின் போனது, நின்றது, அவ்வளவுதான். படத்தின் இரண்டாம் பாதி முழுக்கக் கீட்டனின் கற்பனை. வரலாறு பாதிப் படம்தான் கொடுத்தது.


கேள்வி: அந்தப் படத்தில் பாலம் இடிந்து ரயில் ஆற்றில் விழுவது நிஜ ரயிலா, பொம்மையா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: நிஜம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் காட்டேஜ் க்ரோவ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1926 ஜூலை 23 அன்று எடுத்தார்கள். அந்த ஒரு ஷாட்டுக்கு 42,000 டாலர் ஆனதாகச் சொல்வார்கள், மௌனப் பட காலத்திலேயே அதிகச் செலவான ஷாட் என்று பெயர். ஒரே டேக். விழுந்த இன்ஜின் பல வருஷம் ஆற்றிலேயே கிடந்து, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பழைய இரும்புக்குப் போனது.

எனக்குப் பிடித்தது விழுவதற்கு முன்னும் பின்னும் வருகிற முகங்கள். பாலம் எரிகிறது. இவ்வளவு எரிந்தால் ஒன்றும் ஆகாது, போ என்று அதிகாரி உத்தரவு போடுகிறார். போகிறது, விழுகிறது. அடுத்த ஷாட்டில் அந்த அதிகாரியின் முகம். எங்கள் முதலாளிகளில் சிலருக்கு அந்த முகம் உண்டு. அவ்வளவு செலவு செய்து எடுத்ததை அதிக நேரம் காட்டாமல் அந்த முகத்துக்கு வெட்டியிருக்கிறார்களே, அந்தத் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? நம் ஆட்கள் ஒரு கார் வெடித்தாலே நான்கு கோணத்தில் காட்டுவார்கள்.

படம் அப்போது ஓடவில்லை. இன்னும் இரண்டு படங்களோடு கீட்டனின் சுதந்திரம் முடிந்தது. 1928இல் எம்ஜிஎம் கம்பெனிக்குப் போனார்.


கேள்வி: இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் கதை எழுதப் போகவில்லை?
(வாசகர், சென்னை)

பதில்: ஒருமுறை போனேன். முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர், ‘இன்டர்வல் எங்கே வருது?’ என்றார். ‘ஆள் திரும்புகிற இடத்தில்’ என்றேன். ‘அங்கே ஃபைட் இருக்கா?’ என்றார். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.


கேள்வி: ‘தி ஜெனரல்’ படத்தை நீங்கள் கூட்டத்தோடு ஓட்டியிருக்கிறீர்களா? ஜனம் எப்படி ரசித்தார்கள்?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஒரே ஒருமுறை. ஒரு திரைப்படச் சங்கத்தார் 16 எம்எம் பிரதி கொண்டுவந்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஓட்டினேன். எண்பது பேர் இருக்கும், பாதி பொடிசுகள். சத்தம் இல்லாத படம் என்பதால் மெஷின் சத்தமும் ஜனத்தின் சத்தமும் மட்டும்தான். கேபினுக்குள் இருந்தே பழகினவனுக்குக் கூட்டத்துக்கு நடுவில் நின்று ஓட்டுவது வேறு மாதிரி இருந்தது.

என் பக்கத்தில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதுரை லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், கரி இன்ஜின் ஓட்டியவர். அனபெல் கோபித்துக்கொண்ட சோகத்தில் ஜானி அந்த இரும்புத் தண்டில் போய் உட்காருகிற காட்சி வந்தது. அவனுக்குத் தெரியாமலேயே வண்டி கிளம்புகிறது. தண்டு அவனை மேலே தூக்கி, கீழே இறக்கி, மேலே தூக்கி, அப்படியே ஷெட்டுக்குள் கொண்டுபோகிறது. மண்டபமே சிரித்தது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். ‘டிரைவர் ஒரு பொட்டு நீராவி கூடுதலா விட்டா வீல் ஸ்லிப் ஆகும் தம்பி. சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தும். ஆளைத் தூக்கி வீசிரும்’ என்றார். கீட்டனுக்கும் இன்ஜின் ஓட்டியவர் அதையேதான் சொன்னாராம் என்று நான் பின்னால் படித்தேன்.

அப்புறம் அவர் படம் முழுக்க வேறு ஒன்றையும் பார்க்கவில்லை. அனபெல் தீப்பெட்டிக் குச்சி சைஸுக்கு விறகு பொறுக்கி அடுப்பில் போடும்போது மட்டும் ‘எங்க ஃபயர்மேன் ஒருத்தன் இப்படித்தான்’ என்று முணுமுணுத்தார். பாலம் விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். இன்ஜின் சாவதைப் பார்க்க முடியாதாம்.

கடைசிக் காட்சி. ஜானி இப்போது லெப்டினன்ட். அனபெல்லைக் கூட்டிக்கொண்டு வந்து அதே தண்டில் உட்காருகிறான். முத்தம் கொடுக்கப் போகிறான், ஒரு சிப்பாய் வந்து சல்யூட் அடிக்கிறான். பதிலுக்கு இவன் அடிக்க வேண்டும். அப்புறம் ஒரு பட்டாளமே வரிசையாக வருகிறது. இடம் மாறி உட்கார்ந்து, முத்தத்தை நிறுத்தாமலே வலது கையால் சல்யூட் அடித்துக்கொண்டே இருக்கிறான். பொடிசுகள் கை தட்டுகின்றன.

பெரியவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்: ‘வண்டிக்கு பிரேக் போட்டிருக்கானா, பாரு.’